கல்லூரி இருந்த ஊரில் கள்ளுக்கடையா?

விடுமுறை விட்டால் போதும். வேனில் குழந்தை குட்டிகளோடு புதுச்சேரிக்குக் கிளம்புகிறார்கள். அங்கே மது விலை மலிவு. வில்லியனூர், பாகூர் பக்கம் போனாலும் வழியில் கள்ளுக்கடை, சாராயக்கடை உண்டு. அப்பா இறங்கிவிடுகிறார். தாயும் பிள்ளைகளும் வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள். திரும்பும்போது வண்டி ஓட்டுவதும் அவர்தான்!

பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே வேறு எதுவும் இல்லையா? வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோவில் இருக்கிறது. பாகூரில் பெரிய ஏரியும் நெல் வயல்களும் இருக்கின்றன. பாகூரில் 9-ம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி இருந்தது! பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தில் அதற்கு 3 ஊர்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன. செப்பேடு இதைச் சொல்கிறது.

படிப்புக்காக ஊரையே கொடுத்த மண் அது. அங்கே போய்ப் பிள்ளை கற்றுக்கொள்வது கள்ளுக்கடைக்கு வழியா? தந்தைமார்கள் சிந்திக்க வேண்டும்.