அலியா, உசிக்கா? ஒரு ஹாஸ்டல் வழக்கு

(இறுதியாண்டு, இயந்திரவியல்)



எங்கள் ஹாஸ்டலில் இரவு மெஸ் முடிந்ததும் வராந்தாவில் ஒரு நீதிமன்றம் கூடும். ரஜினியா கமலா, கபில்தேவா தோனியா, இளையராஜாவா ரஹ்மானா... இதுவரை ஒரு வழக்குக்கும் தீர்ப்பு வந்ததில்லை. வந்துவிட்டால் மறுநாள் பேச என்ன இருக்கிறது?

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த வழக்கு குத்துச்சண்டை. 2021-ல் 'சார்பட்டா பரம்பரை' வந்தபோது நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அன்றிலிருந்து எல்லோருமே பாக்ஸிங் நிபுணர்கள்தான். சாம்பாருக்கு வரிசையில் நிற்கும்போதுகூட டான்ஸிங் ரோஸ் மாதிரி காலை ஆட்டுகிறார்கள், தட்டு கீழே விழுகிறது!

வழக்கைத் தொடங்கி வைத்தவர் எங்கள் வாட்ச்மேன் அண்ணன். ராயபுரத்துக்காரர். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிப் போட்டி ஆடியபோது, சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவர். "இப்ப இருக்கறவனுங்க பெல்ட் கட்டிக்கிற பசங்கப்பா. சண்டை போட்டவங்க அலியோட போயிட்டாங்க" என்றார். ஆட்டோமொபைல் நண்பன் விடுவானா? "அண்ணே, டைசன் ஃபியூரி ஆறடி ஒன்பது அங்குலம். உங்க அலி ஆறடி மூணு. அவன் தாடைக்குத்தான் வருவார்" என்றான். அவ்வளவுதான், வராந்தா இரண்டாகப் பிரிந்துவிட்டது.

நான் முதலில் வாட்ச்மேன் அண்ணன் கட்சி. இப்போது எந்தக் கட்சி என்று கேட்டால்... கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் இந்த உயரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பெரிய உடம்பு இருந்தால் போதும் என்பது இன்று நேற்று வந்த பேச்சு இல்லை. 1919-ல் ஜெஸ் வில்லர்ட் ஆறரை அடி, 111 கிலோ. எதிரே ஜாக் டெம்ப்ஸி, 85 கிலோ. முதல் சுற்றிலேயே வில்லர்ட் ஏழு முறை விழுந்தார், மூன்று சுற்றோடு ஆட்டம் முடிந்தது. 1935-ல் 89 கிலோ ஜோ லூயிஸ், 118 கிலோ பிரிமோ கார்னெராவை ஆறாவது சுற்றில் முடித்தார்.

"அதெல்லாம் பழங்கதை, அப்ப இருந்த பெரிய ஆளுங்களுக்கு ஆடத் தெரியாது" என்பான் நண்பன். நியாயமான மறுப்புதான், கார்னெரா ஒன்றும் பெரிய கைகாரர் இல்லை. ஆனால் 2024-ல் ரியாத்தில் என்ன நடந்தது? மே மாதம் நடந்த போட்டியில் ஃபியூரி சுமார் 119 கிலோ, உக்ரைனின் அலெக்ஸாண்டர் உசிக் சுமார் 101 கிலோ. உசிக்கின் உயரம் ஆறடி மூன்று அங்குலம். அலியின் அதே உயரம்! ஒன்பதாவது சுற்றில் ஃபியூரி கயிற்றில் சாய்ந்து தள்ளாடியதைப் பார்த்தீர்களா? பாயின்ட்டில் உசிக் ஜெயித்தார். டிசம்பரில் மறுபடி மோதினார்கள், மறுபடியும் உசிக்தான். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபாவை ஐந்தாவது சுற்றில் படுக்க வைத்தார். அதற்கு முன் 2021-லும் 2022-லும் ஆறடி ஆறு அங்குல ஆன்டனி ஜோஷுவாவை ஜெயித்தவர்.

ஆக, இந்தக் காலத்துக்காரர்களை உயர்த்திப் பேச நண்பன் கொண்டுவந்த வாதத்தை இந்தக் காலத்துக்காரர் ஒருவரே உடைத்துவிட்டார். கால் வேலையும் தலையும் இருந்தால் ஆறடி மூன்று போதும் என்பதற்கு உசிக்தான் சாட்சி. வாட்ச்மேன் அண்ணன் உசிக்குக்கு ஒரு டீ வாங்கித் தர வேண்டும்!

சரி, அப்படியானால் பழைய ஆட்கள்தான் பெரியவர்களா? அவர்கள் ஆடிய எண்ணிக்கையைப் பார்த்தால் தலை சுற்றும். சுகர் ரே ராபின்சன் ஏறத்தாழ 200 போட்டிகள் ஆடியவர். 1943 பிப்ரவரி 5-ல் ஜேக் லமோட்டாவிடம் தோற்றார். நம்ம ஆளாக இருந்தால் மெடிக்கல் லீவு போட்டிருப்போம். அவரோ அதே மாதம் 26-ந் தேதி அதே லமோட்டாவோடு மோதி ஜெயித்தார்! அந்தத் தோல்விக்குப் பிறகு அடுத்த தோல்வி எப்போது தெரியுமா? 1951-ல், லண்டனில் ராண்டி டர்பினிடம். எட்டு வருடம்! இன்றைய பெரிய சாம்பியன் வருடத்துக்கு இரண்டு தடவை ரிங்கில் ஏறினால் அதிகம். ஃபிளாய்டு மேவெதர் 1996 முதல் 2017 வரை ஆடிய தொழில்முறைப் போட்டிகள் மொத்தம் 50. ஐம்பதும் வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் ஐம்பதாவது ஆள் யார்? அதற்கு முன் ஒரு தொழில்முறைக் குத்துச்சண்டைகூட ஆடாத கானர் மெக்ரெகர். மேவெதரும் பக்கியாவோவும் மோத வேண்டும் என்று 2009 முதல் உலகமே கேட்டது. 2015 மே மாதம்தான் மோதினார்கள். அதற்குள் இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது. இது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பட்டங்களும் அப்படித்தான். அப்போது எடைப் பிரிவுகள் எட்டு. பிரிவுக்கு ஒரு சாம்பியன் என்பதுதான் வழக்கம். 1938-ல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் அதில் மூன்று பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தார். இன்றைக்கு 17 பிரிவு, நான்கு அமைப்பு. பெருக்கிப் பாருங்கள். ஊருக்கு ஒரு எம்.எல்.ஏ. மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் சொல்லி நான் வாட்ச்மேன் அண்ணன் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில்தான் லைப்ரரியில் மறுபக்கமும் படிக்க நேர்ந்தது. "அப்பல்லாம் பெரியவனும் பெரியவனும்தான் மோதுவான்" என்கிறோமே, அது சுத்தப் பொய். 1908-ல் சிட்னியில் ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். 1915-ல் அவர் தோற்ற பிறகு, 1937-ல் ஜோ லூயிஸ் வரும் வரை எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோத ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கவில்லை. 22 வருடம்! டெம்ப்ஸியோடு மோத ஹாரி வில்ஸ் காத்துக் காத்தே காலம் போனது. சாம் லாங்ஃபோர்டு என்ற மகா திறமைசாலிக்கு உலகப் பட்டம் கடைசிவரை எட்டவில்லை. மேவெதர் தள்ளிப் போட்டதைத் திட்டுகிறோம், டெம்ப்ஸியை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? அப்புறம் மாஃபியா. 1947-ல் பில்லி ஃபாக்ஸிடம் வேண்டுமென்றே தோற்றதை லமோட்டாவே 1960-ல் அமெரிக்க செனட் குழு முன் ஒப்புக்கொண்டார். ஜோ லூயிஸே 1940, 41-ல் மாதத்துக்கு ஒருவர் என்று வரிசையாக ஆடியபோது, எதிராளிகளின் தரத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் கேலி செய்தன.

பெண்கள் விஷயத்தைச் சொல்லவே வேண்டாம். ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையே 2012-ல்தான் வந்தது. மேரி கோம் அந்தப் 'பொற்காலத்தில்' பிறந்திருந்தால் பதக்கம் எங்கே வாங்குவது? (முதலாண்டு இ.சி.இ. தங்கைகள் இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.)

வெர்னியரில் ஜீரோ எரர் பார்க்காமல் ரீடிங் எழுதினால் லேபில் என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். பழைய காலத்தைப் பற்றி நாம் எடுக்கும் ரீடிங் எல்லாம் அப்படித்தான். ராபின்சன் வெல்டர்வெயிட்டில் உச்சத்தில் இருந்த காலத்துப் படச்சுருள் மிகக் குறைவு. இன்றைக்கு உசிக் ஒரு குத்து தவறவிட்டால் பத்து கோணத்தில் ஸ்லோமோஷனில் போட்டுக் காட்டுகிறார்கள். பழைய ஆள் தவறவிட்ட குத்துகளை யார் பார்த்தது?

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் பக்கத்து ஊரில் நடந்த ஒரு போட்டியில் எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் ஆடினான். இரண்டாவது சுற்றில் நாலைந்து குத்து சரியாக முகத்தில் வாங்கினான். விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தான். நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். கேலரியில் நாங்கள் கத்தினோம் பாருங்கள்! "ஏய், அந்தக் காலத்துல பதினஞ்சு ரவுண்டுடா!" என்று உரக்கக் கத்தியவன் நான்தான். போட்டி முடிந்து வேனில் ஏறும்போது அவன் என்னிடம், "மச்சான், நாம எதுக்குடா இங்க வந்தோம்?" என்று கேட்டான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று சிரித்தேன். மறுபடியும் அதையே கேட்டான். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு நாள் தலைவலி, டாக்டர் பார்த்துவிட்டு ஓய்வு எடுக்கச் சொன்னார். இப்போது நன்றாக இருக்கிறான், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் போடச் சொன்னான்.

அதன் பிறகுதான் அந்தப் பதினைந்து ரவுண்டு எப்படிப் போனது என்று தேடிப் படித்தேன். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மன்சினியோடு மோதிய தென்கொரிய வீரர் டுக் கூ கிம், 14-வது சுற்றில் விழுந்தார். சில நாளில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் டபிள்யூ.பி.சி. அமைப்பு 12 சுற்றாகக் குறைத்தது. மற்ற அமைப்புகள் 1980-களின் கடைசிக்குள் பின்தொடர்ந்தன. நான் கேலரியில் பெருமையாகக் கத்தினேனே, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பிணம் கிடந்தது எனக்குத் தெரியாது.

மணிலா போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1975 அக்டோபர் 1. அலியும் ஜோ ஃபிரேசியரும். எல்லாக் காலத்துக்கும் சிறந்த சண்டை என்று எல்லோரும் சொல்வது. 14 சுற்று முடிந்ததும் ஃபிரேசியருக்குக் கண் தெரியவில்லை. அவர் எழுந்து போகத்தான் துடித்தார். பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் விடவில்லை, நிறுத்திவிட்டார். சாவுக்குப் பக்கத்தில் போய்வந்த மாதிரி இருந்தது என்று ஜெயித்த அலியே பிறகு சொன்னார். அன்றைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு சுற்று, மூன்றே நிமிடம். ஃபட்சைக் கோழை என்று யாராவது சொல்வோமா? அவரை மரியாதையோடு பேசுகிற நாம், நம் நண்பனின் போட்டியை நிறுத்திய நடுவரை மட்டும் ஊளையிட்டோம்.

அலிக்கு அப்படி நிறுத்தச் சொல்ல ஆள் இருந்தும் அவர் கேட்கவில்லை. சென்னைக்கு வந்துபோன அதே 1980-ல், அக்டோபரில், 38 வயதில் லாரி ஹோம்ஸோடு மோதினார். பத்து சுற்று வாங்கிய அடியைப் பார்த்து ஆஞ்சலோ டண்டி நிறுத்தினார். அடுத்த வருடம் இன்னொரு போட்டி, அதுவும் தோல்வி. 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. வாயால் உலகத்தையே ஆட்டிவைத்த மனிதர், கடைசி வருடங்களில் பேச முடியாமல் 2016-ல் மறைந்தார்.

ஆகவே இந்தக் காலத்து வீரன் வருடத்துக்கு இரண்டு போட்டி ஆடுவதை இனி நான் குறை சொல்ல மாட்டேன். நடுவர் சீக்கிரம் நிறுத்துவதையும்தான். நல்ல எதிராளியைத் தவிர்ப்பது மட்டும் குறை. அது டெம்ப்ஸி செய்தாலும் மேவெதர் செய்தாலும் குறைதான்.

போன வாரம் உசிக்-ஃபியூரி போட்டியை என் போனில் வாட்ச்மேன் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுதும் பார்த்தார். "கால் நல்லா இருக்குது தம்பி. யாருகிட்டயோ பழைய ஆளுகிட்ட கத்துக்கிட்டு வந்திருக்கான்" என்றார். அதற்கு மேல் இறங்கி வர மாட்டேன் என்கிறார்.

என் தீர்ப்பையும் எழுதிவிடுகிறேன். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸோடு மோதிய அலி, அந்த வேகத்தில் இருந்த அலி, 12 சுற்றில் உசிக்கைப் பாயின்ட்டில் ஜெயிப்பார். நெருக்கமான போட்டியாக இருக்கும், ஒரு நடுவராவது உசிக்குக்கு எழுதுவார். அதற்கு அடுத்த வருடமே ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டத்தைப் பிடுங்கி, மூன்றரை வருடம் அவரை ஆடவிடாமல் வைத்தார்கள். திரும்பி வந்தபோது அந்தக் கால் இல்லை. ஆகவே 1975-ன் அலி என்றால் என் ஓட்டு உசிக்குக்கு.

மறுப்பு உள்ளவர்கள் மெஸ் முடிந்ததும் வராந்தாவுக்கு வரலாம். ஆட்டோமொபைல் நண்பன் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறான்.