பெட்டைக் குட்டிகளுக்கு யார் பொறுப்பு?

வவுனியா நகரை அடுத்துள்ள நெளுக்குளத்தில் வேலியடைத்த வளவும் அதனைக் காக்க ஒரு நாயும் குடிமனைகளின் இயல்பு. இத்தகைய ஊர்களில் ஊர்நாயின் இடத்தை அல்சேசனும் பொமேரியனும் பிடிக்குங்கால், குட்டி விற்பனையும் அவற்றோடு வளவுக்குள் புகுந்துவிடுகின்றது. "ஒருமுறை குட்டி போடட்டும், பிறகு பார்ப்போம்" என்பதே அங்கு வழங்கும் முடிவு. அதனை முடிவென அழைப்பதே மிகை.

ஒருமுறையேனும் ஈன்றால்தான் பெட்டை நாயின் உடல் நலம்பெறும் என்பர். கால்நடை மருத்துவத்தில் இதற்கு ஆதாரமில்லை. கருத்தடை செய்யப்படாத முதிய பெட்டைகளுக்கே கருப்பையில் சீழ் கட்டும் கொடிய நோய் வருகின்றது. குட்டி விற்ற பணம் வீட்டுக்கு உதவும் என்பது சற்று வலிய நியாயம். வறுமையை அறிந்த வன்னியில் அதனை எள்ளுதல் தகாது. ஆயின், கணக்கு முழுமையாகப் பார்க்கப்படுகின்றதா? ஏறத்தாழ 63 நாட் சினைக்காலத்தின் பின் அல்சேசன் எட்டுக் குட்டிகள் வரை ஈனக்கூடும். எட்டு வாரம் நிறையுமுன் அவற்றைத் தாயிடமிருந்து பிரித்தலாகாது. அதுவரை தாய்க்கு ஊட்டமும், குட்டிகளுக்குப் பூச்சி மருந்தும் பார்வோ நோய்த் தடுப்பூசியும் வேண்டும். செலவுக்கு அஞ்சுவோர் முன்னதாகவே குட்டியைக் கைமாற்றிவிட, தடுப்பூசி வாங்குபவர் தலையில் விழும். சேர்க்கைக்கோ அயல் வளவுக் கடுவன் போதும். அது அதே தாயின் முந்திய ஈற்றுக் குட்டியாயினும் கேட்பாரிலர். அல்சேசனில் பரம்பரையாய்த் தொடரும் இடுப்பு மூட்டுக் குறைபாடு குட்டிப் பருவத்தில் கண்ணுக்குப் புலப்படாமலிருக்கலாம். ஊடுகதிர்ப் படம் எடுத்தே தாய் தந்தையைத் தெரிதல் வேண்டும். வம்சப் பெருமை பேசி விற்போருள் அப்படத்தைக் காட்டுவோர் எத்துணைப் பேர்?

இவையாவும் விலைபோகும் குட்டிகள் பற்றியன. கடுவனுக்கு ஆளுண்டு, பெட்டையைக் கேட்பாரில்லை. அதனைச் சாக்கிலிட்டுக் குளக்கட்டிலோ சந்தையோரத்திலோ விட்டு வந்து, "ஆரும் எடுத்து வளர்ப்பினம்" என்று ஆறுதல் கொள்வர். கட்டாக்காலி நாய்களைக் கொல்லாக் கொள்கையை அரசு 2006 இல் ஏற்றது. நற்கொள்கைதான், ஆனால் அது கைவிடுவோருக்கு வழங்கிய அனுமதிப் பத்திரமன்று. பிழைக்கும் பெட்டை ஓராண்டளவில் தானும் ஈனும். தடுப்பூசி ஏறாத அவ்வழித்தோன்றல்களே பாடசாலைச் சிறுவரின் பாதையில் நிற்பன. விசர்நோயின் குறிகள் தோன்றியபின் மனிதரைக் காக்கும் மருந்து இல்லை எனலாம். பணம் ஒரு வளவுக்கு, கடி ஊருக்கு!

2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் வன்னி மக்கள் நாய்களைக் கைவிட்டுப் போக நேர்ந்தது. தம்முயிர் தப்பலே அரிதாயிருந்த நாளில் நிகழ்ந்த அதனைக் குற்றமெனக் கூற எவர்க்கும் நா எழாது. இன்று சாக்கிலிடப்படும் குட்டிக்கு எந்த எறிகணை காரணம்?

ஆதலின், கடுவனைத் தேடுமுன் பெட்டைக் குட்டிகளை ஏற்கும் வீடுகளை உரிமையாளர் பெயர் கூறிக் காட்டல் வேண்டும். எஞ்சுவதைத் தம் வளவிலேயே ஆயுள் முழுதும் வைத்திருக்க இசைதல் வேண்டும். அவ்வாறு இசைபவர் தாராளமாய் இனம் பெருக்கட்டும். நல்ல நாய்கள் ஊருக்கு வேண்டியனவே. ஏனையோருக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சையே வழி. கால்நடை வைத்தியரிடம் செல்ல முச்சக்கரவண்டிக் கூலி மிகையென முறையிடுவோர், எட்டுக் குட்டிகளை எங்ஙனம் போஷிப்பர் என்பதையும் சேர்த்தே விளக்கட்டும்.