அடையாளமற்ற வலைகள்: பாய்மரப் படகுகளுக்கும் மீனவர்களுக்கும் பொதுவான ஆபத்து

மும்பை: பருவமழை ஓய்ந்து அக்டோபரில் மும்பைக் கடலில் பொழுதுபோக்குப் பாய்மரப் படகோட்டம் தொடங்கும்போது, மீன்பிடிப் பருவமும் அங்கு மும்முரமாக இருக்கிறது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் தடை முடிந்து, ஆகஸ்டிலேயே விசைப்படகுகள் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. இரு தரப்பினரும் ஒரே நீர்ப்பரப்பைப் பகிர்ந்துகொள்ளும் இம்மாதங்களில், சரியான அடையாளமின்றி விடப்படும் வலைகளும் கயிறுகளும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாக மாறுகின்றன.

மகாராஷ்டிரத்தின் கோலி மீனவர்கள் பயன்படுத்தும் 'டோல்' வலை, பை போன்ற அமைப்புடையது. கடலடியில் ஊன்றிய கம்பங்களில் கட்டப்படும் இவ்வலை, நீரோட்டம் அடித்துவரும் பாம்பே டக் மீனையும் சிறு இறாலையும் பிடிக்கிறது. வலையின் இருப்பிடத்தைக் காட்டுவது நீர்மட்டத்தில் மிதக்கும் மிதவை மட்டுமே. நாட்டின் பல கடற்கரைகளில் தெர்மாகோல் துண்டுகளும் பழைய பிளாஸ்டிக் கேன்களுமே மிதவைகளாகப் பயன்படுகின்றன. அலைகளுக்கிடையே இவற்றைத் தொலைவிலிருந்து காண்பது கடினம். இரவில் அறவே தெரியாது. மும்பையில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் சில நாட்களில் 4 மீட்டரைத் தாண்டுவதால், வலுவான நீரோட்டம் சிறிய மிதவைகளை நீருக்குள் இழுத்துவிடவும் கூடும்.

பாய்மரப் படகின் அடிக்கட்டைக்கும் சுக்கானுக்கும் இடையே கயிறு சிக்கினால், படகு பின்புறமாகக் கட்டிப்போடப்பட்டது போல் நின்றுவிடும். இயந்திரம் இயங்கிக்கொண்டிருந்தால் கயிறு சுழலியில் சுற்றி, இயந்திரமும் நின்றுவிடும். பின்புறத்திலிருந்து அலைகள் படகினுள் புகும். கயிற்றை அறுக்க நீரில் இறங்குபவரின் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், மீன்பிடிப்பில் ஈடுபட்டுள்ள கலத்துக்குப் பாய்மரக் கலம் வழிவிட வேண்டும் என்கின்றன. வலை 150 மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால், அத்திசையைக் காட்ட மீன்பிடிக் கலம் இரவில் கூடுதல் வெள்ளை விளக்கு ஏற்றவும் வேண்டும். ஆனால் இவ்விதிகள் கலங்களுக்கே பொருந்தும். மீனவர் கரை திரும்பிய பின் கடலில் தனித்து நிற்கும் வலைக்கு விளக்கும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. பிரச்சினையின் மையம் இந்த இடைவெளிதான்.

ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மீன்வளக் குழு, மீன்பிடிக் கருவிகளுக்கு அடையாளமிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளுக்கு 2018இல் ஒப்புதல் அளித்தது. அவை கட்டாயமல்ல, தன்னார்வ அடிப்படையிலானவை. ஸ்காட்லாந்து ஒரு படி மேலே சென்று, நண்டு, இறால் கூடுகளின் மிதவைகளில் படகின் பதிவு எண் தெளிவாக இருக்க வேண்டும் என 2020இல் சட்ட ஆணை பிறப்பித்தது. பயன்படுத்தித் தூக்கியெறியப்பட்ட கொள்கலன்களை மிதவையாக்கவும் அந்த ஆணை தடை விதித்தது.

இதனை வசதி படைத்த படகோட்டிகளின் புகாராக மட்டும் கருதுவது பொருத்தமாகாது. சிக்கிய படகை விடுவிக்கக் கயிறு அறுக்கப்படும்போது, வலையையும் அதிலுள்ள மீனையும் இழப்பவர் மீனவரே. அறுபட்ட வலை, உரிமையாளரற்ற 'பேய் வலை'யாக நீண்டகாலம் மீன்களைக் கொன்றுகொண்டிருக்கும். அதே வலையில் அடுத்து சிக்குவது மற்றொரு மீனவரின் சுழலியாகவும் இருக்கலாம்.

இந்தியாவில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது. மீன்பிடிப் படகுகளுக்குப் பதிவு எண்ணும் மாநிலவாரியான வண்ணக் குறியீடும் நடைமுறையில் உள்ளன. அந்த எண்ணை மிதவையிலும் எழுதச் செய்வது பெரிய நிர்வாகச் சுமையல்ல. கொடிக்கம்பு, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, மின்கல விளக்கு ஆகியவற்றுக்குத்தான் செலவாகும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால், முடிவும் அவற்றின் கையிலேயே உள்ளது. சிறு மீனவர்மீது அபராதச் சுமையை ஏற்றாமல், தரமான மிதவைகளை மானியத்தில் வழங்கிய பின் விதியைக் கட்டாயமாக்கினால் மட்டுமே அது கடலில் நடைமுறைக்கு வரும்.