ராணி போட்ட தடை



இந்த இதழின் அட்டையில் உள்ள கிளிப் படத்தைப் பார்த்த நண்பர் ஒருவர், "வண்ணத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டீர்களோ?" என்று கேட்டார். இல்லவே இல்லை. மார்பும் வயிறும் ரத்தச் சிவப்பு, முதுகு பச்சை, பிடரியில் கருநீலம். ஒரு சாணுக்கும் குறைவான இந்தக் கிளி பிறந்ததே அப்படித்தான்.

பசிபிக் கடலில், பிரெஞ்சு பொலினீசியாவைச் சேர்ந்த ரிமதாரா என்ற சின்னஞ்சிறு தீவு இதன் வீடு. பெயர் ரிமதாரா லோரிகீட். நாக்கின் நுனி தூரிகை போலிருக்கும். அதைப் பூவுக்குள் விட்டுத் தேனையும் மகரந்தத்தையும் வழித்தெடுக்கும்.

அந்தச் சிவப்பே இதற்கு எமனாக வந்தது. பொலினீசியத் தலைவர்களுக்குச் சிவப்பு இறகு என்றால் உயிர். இறகுக்காக வேட்டையாடியே குக் தீவுகளில் இந்த இனத்தை அடியோடு ஒழித்துவிட்டார்கள். ரிமதாராவில் பிழைத்ததற்கு ஒரு பெண்மணி காரணம். 1900 வாக்கில் அங்கே ராணியாக இருந்த தமாயேவா, 'இந்தப் பறவையைக் கொல்லவும் கூடாது, தீவைவிட்டுக் கொண்டுபோகவும் கூடாது' என்று தடை போட்டார். நம் பக்கத்து ஊர்க்கட்டுப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணிக்குப் பின்னும் மக்கள் அதை மீறவில்லை. மரமேறி முட்டை தின்னும் கப்பல் எலி அந்தத் தீவில் கால்வைக்காததும் பறவையின் அதிர்ஷ்டம்.

ஆனால் ஒரே தீவை நம்பி ஓர் இனம் எத்தனை நாள் இருக்கும்? 2007இல் ரிமதாரா மக்கள் சம்மதித்து 27 கிளிகளைக் கொடுத்தார்கள். அவை குக் தீவுகளில் ஒன்றான அட்டியுவுக்கு விமானத்தில் போயின. அங்கும் கப்பல் எலி இல்லை. பிரச்சினை வேறு வடிவில் வந்தது: நம் வீட்டு முற்றத்து மைனா! தென்னையைத் தாக்கும் பூச்சிகளைத் தின்னட்டும் என்று முன்னொரு காலத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அது கிளிக்குஞ்சுகளைக் கொத்த ஆரம்பித்தது. பொறிவைத்தும் சுட்டும் மைனாக்களை ஒழிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. மைனா பிரியனான எனக்கு அதைப் படிக்கச் சங்கடம்தான். இருந்தாலும் அட்டியுக்காரர்கள் பக்கமே நியாயம்.

ஊர்க்கட்டுப்பாட்டால் பிழைத்த பறவையோ மரமோ குளமோ உங்கள் ஊரிலும் இருக்கலாம். விவரமாக எழுதுங்கள், படம் இருந்தால் சேர்த்தே அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்