பதினான்கு குமாஸ்தாக்களும் ஒரே ஒரு கோப்பும்

"பதினாலு கோர் இருக்கா, இல்லையா சார்?" என்று கேட்டார் கடைக்காரர். இருக்கிறது. அதில் பொய்யே இல்லை. அதனால்தான் அன்று வாயடைத்துப்போய் வீடு திரும்பினேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு, உண்மையை மட்டுமே சொல்லி ஒருவரை ஏமாற்ற முடியும் என்பது தெரியாத விஷயமா? ஆனாலும் ஏமாந்தேன். அவர் கேள்விக்கான பதிலை இப்போது நிதானமாக எழுதுகிறேன். கடைக்காரர் படிக்கப்போவதில்லை. கணினி வாங்கிக் கொடுக்கும் எண்ணத்தில் இருக்கும் தாத்தாக்கள் யாராவது படித்தால் போதும்.

பேரன் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்தான். விளையாடுவதற்கு ஏற்ற கணினி வேண்டும் என்று வெகு நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தான். 144 ஹெர்ட்ஸ் திரையைத் தன் சேமிப்பிலேயே வாங்கி வைத்துவிட்டான், தாத்தா பெட்டியை வாங்கித் தருவார் என்ற நம்பிக்கையில். எனக்கும் ஓய்வூதிய நிலுவை கொஞ்சம் வந்திருந்தது. கடையில் இரண்டு பெட்டிகளைக் காட்டினார்கள். ஒன்றில் ரைசன் 5 5600, ஆறு கோர். இன்னொன்றில் இன்டெல் ஜியான் ஈ5-2680 வி4, பதினான்கு கோர், இருபத்தெட்டு திரெட். விலையும் பல ஆயிரம் குறைவு. "சர்வர் ப்ராசஸர் சார். பேங்கு, கவர்ன்மென்ட் ஆபீஸ்லல்லாம் ராத்திரி பகலா ஓடுறது இதான்" என்றார். பேரன் ஆறு கோர் பெட்டி பக்கத்திலேயே நின்றான். நான்தான், "இருபத்தெட்டு எங்கே, பன்னிரண்டு எங்கே, கணக்குத் தெரியாதாடா உனக்கு?" என்று அவனை அடக்கினேன்.

சர்வர் என்ற சொல்லுக்கு நான் மயங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் அலுவலகத்தில் கணினி வந்த புதிதில், சர்வர் இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். ஊழியர்களுக்கு மின்விசிறி, சர்வருக்கு ஏ.சி. அந்த பக்தி இன்னும் போகவில்லை. இத்தனைக்கும் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'செர்வோர்' என்றால் உணவகத்தில் தட்டு ஏந்தி வந்து பரிமாறுகிறவர் என்று சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கணினி சர்வருக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். அதை அன்று நினைத்துப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பேன். பந்தியில் இருநூறு பேருக்குப் பரிமாறத் தெரிந்தவர் வேறு, ஒருத்தன் இலைமுன் உட்கார்ந்து "சூடா ஒரு தோசை, உடனே" என்று கேட்டால் நொடியில் வார்த்துப் போடுகிறவர் வேறு.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பேரன் துப்பாக்கி விளையாட்டு ஒன்றைத் திறந்தான். படம் ஓடுகிறது, நிற்கிறது, திக்குகிறது. திருப்பத்தில் எதிரி வரும் நேரம் பார்த்துத்தான் அதிகம் திக்குகிறது. இரண்டு நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தான். நான் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக. மூன்றாம் நாள், "தாத்தா, ஒண்ணு காட்டுறேன்" என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். இருபத்தெட்டு சிறு கட்டங்கள். இரண்டு மூன்று கட்டங்களில் கோடு உச்சியில் முட்டிக்கொண்டிருந்தது. மற்றவை தரையில் படுத்துக் கிடந்தன. மொத்த உபயோகம் இருபது சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. படத்தின் அளவைக் குறைத்துப் பார்த்தான், வேகம் கூடவில்லை. குறைத்தும் கூடவில்லை என்றால் தடை கிராபிக்ஸ் கார்டில் இல்லை, ப்ராசஸரில்தான் என்று அவனே விளக்கினான்.

அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் செக்ஷன் ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு கோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்.டி.சி. பதிவு செய்ய வேண்டும். யு.டி.சி. குறிப்பு எழுத வேண்டும். அதைப் பார்த்தபின் சூப்பரிண்டெண்டென்ட், அவர் கையெழுத்துக்குப் பின் அண்டர் செக்ரட்டரி. முந்தையவர் முடிக்காமல் அடுத்தவர் தொட முடியாது. அந்தக் கோப்பு அவசரம் என்பதற்காக இன்னும் பத்து குமாஸ்தாக்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? டீச்செலவு கூடும். கோப்பு அதே வேகத்தில்தான் நகரும். அது சீக்கிரம் நகர வேண்டுமானால், அதைக் கையில் வைத்திருக்கும் அந்த ஒரு ஆள் சுறுசுறுப்பானவராக இருக்க வேண்டும். ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் இதை 1967-லேயே எடுத்துச் சொல்லி, அது அவர் பெயராலேயே விதியாகிவிட்டது. ஒரு வேலையில் வரிசையாகத்தான் செய்ய முடியும் என்ற பகுதி எவ்வளவோ, அதுதான் எத்தனை ஆள் போட்டாலும் தாண்ட முடியாத எல்லை.

விளையாட்டு அப்படிப்பட்ட கோப்பு. பையன் பொத்தானை அழுத்துகிறான். அது எங்கே பட்டது, எதிரி எங்கே நகர்ந்தான், அடுத்து என்ன காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு கிராபிக்ஸ் கார்டுக்கு உத்தரவு போக வேண்டும். 144 ஹெர்ட்ஸ் திரைக்கு இதையெல்லாம் ஒரு படத்துக்கு ஏழு மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும். இப்போதைய விளையாட்டுகள் வேலையைச் சில கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன, உண்மைதான். ஆனால் தலைமை வேலை ஒரு கோரின் தலையில்தான் விழுகிறது. அந்த ஒரு கோர், நான் வாங்கிய 2016-ஆம் வருடத்து ஜியானில் அதிகபட்சம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ் ஓடும். நான் வேண்டாம் என்று தள்ளிய 2022-ஆம் வருடத்து ரைசனில் 4.4. ஆறு வருடம் பிந்தி வடிவமைத்தது என்பதால் ஒவ்வொரு துடிப்புக்கும் அது செய்யும் வேலையும் அதிகம். நிறுவனம் குறிப்பிடும் மின்சாரக் கணக்கில் முன்னது 120 வாட், பின்னது 65 வாட். கடையில் இந்த எண்களில் ஒன்றையாவது யாரும் வாயைத் திறந்து சொன்னார்களா? பதினான்கு, பதினான்கு என்று அதே ஜபம்.

இன்னொன்றும் இருக்கிறது. குமாஸ்தா கெட்டிக்காரராக இருந்தாலும், தேவையான காகிதத்துக்கு ஒவ்வொரு முறையும் ரெக்கார்டு ரூமுக்கு ஓடினால் வேலை நடக்காது. மேசைமேல் இருக்க வேண்டும். ப்ராசஸருக்கு அந்த மேசைதான் கேஷ். ரைசன் 7 5800எக்ஸ்3டி என்று 2022-இல் ஏ.எம்.டி. ஒன்றை விளையாட்டுக்காரர்களுக்கென்றே வெளியிட்டது. எட்டே கோர்தான், ஆனால் 96 எம்.பி. மேசை. அதே வருடக் கடைசியில் அதே நிறுவனம் சர்வர்களுக்கு வெளியிட்ட எபிக் 9654-இல் 96 கோர், வேகம் 2.4-இலிருந்து 3.7 ஜிகாஹெர்ட்ஸ் வரை. விளையாட்டுக்குக் கோர் எண்ணிக்கைதான் முக்கியம் என்றால், தயாரிக்கிற நிறுவனமே ஏன் விளையாடுகிறவனுக்கு ஆளைக் கூட்டாமல் மேசையைப் பெரிதாக்கியது?

இதையெல்லாம் சொல்வதால் சர்வர் ப்ராசஸரைக் குப்பை என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படிச் சொல்லித் திரிகிற இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கருவூலத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் நூறு வேலை கேட்பார்கள். ஒவ்வொன்றும் தனித்தனி, ஒன்றுக்கு இன்னொன்று காத்திருக்க வேண்டாம். அங்கே ஆள்பலம்தான் பேசும். சர்வர்களில் பிழை திருத்தும் நினைவகம் போடுவார்கள். விளையாட்டில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், மிஞ்சினால் விளையாட்டு நின்றுபோகும். சம்பளப் பட்டியலில் ஒரு பிட் புரண்டால் என்ன ஆகும் என்று பட்டியல் போட்ட கைக்குத்தான் தெரியும். நான் வாங்கிய அதே ஜியான் 1.5 டெராபைட் நினைவகம் வரை தாங்கும். சேமிப்பு வட்டுகளும் கார்டுகளும் இணைக்க அதில் 40 பிசிஐ பாதைகள் உண்டு. சாதாரண மேசைக் கணினியில் இதற்கு இடமே கிடையாது. முப்பரிமாணப் படம் உருவாக்குவது, நீள வீடியோக்களை மாற்றுவது, ஒரே பெட்டிக்குள் பத்து மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது போன்ற வேலை இருப்பவர், பணமும் குறைவு என்றால், பழைய ஜியானை வாங்குவதில் தப்பே இல்லை. அப்போதும் ஒரு கணக்கு போட வேண்டும். எல்லா கோரும் சேர்ந்து உழைக்கும் வேலையிலேயே புது ஆறு கோர் இந்தப் பழைய பதினான்குக்குக் கிட்ட வந்து நிற்கிறது. எட்டு கோர் என்றால் சமமாகிவிடுகிறது.

ஜியான் என்ற பெயரும் குற்றவாளி அல்ல. 2013-இல் ஈ3-1230 வி3 என்று ஒன்று வந்தது. உள்ளே அசல் ஐ7-தான், கிராபிக்ஸ் மட்டும் கிடையாது. சாதாரண மதர்போர்டிலேயே உட்கார்ந்தது, விலையும் ஐ7-ஐவிடக் குறைவு. விவரம் தெரிந்த பையன்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் அடுத்த தலைமுறை வந்தபோது, அதற்கென்று தனி சர்வர் சிப்செட் வேண்டும் என்று இன்டெல் கதவைச் சாத்திவிட்டது. ஆக அதே ஜியான் என்ற பெயரில் விளையாட்டுக்கு உகந்ததும் இருந்தது, உதவாததும் இருந்தது. எந்தப் பதவியில் எந்த ஆள் என்று பார்க்காமல் பதவிப் பெயரை மட்டும் பார்த்துக் கும்பிடு போடுவது நம் ஊர் அலுவலகப் பழக்கம். அதைத்தான் நான் கடையிலும் செய்தேன்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டது இன்னும் உண்டு. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்கும் ப்ராசஸர் பட்டியலில் இந்த ஈ5 வரிசை இல்லை. குறுக்கு வழியில் போடலாம் என்கிறார்கள். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பொருளுக்கு எதற்கு ஐயா குறுக்கு வழி? மதர்போர்டைப் பற்றியும் கேட்டேன். "ஃப்ரெஷ் போர்டு சார்" என்றார். பலகை புதிதுதான். அதில் ஒட்டியிருக்கும் சிப்செட் ஏதோ ஒரு பழைய போர்டிலிருந்து கழற்றியது என்று பேரன் பிறகு கண்டுபிடித்தான்.

பில்லை எடுத்துக்கொண்டு திரும்பப் போனபோதுதான் அந்தக் கேள்வி வந்தது, "பதினாலு கோர் இருக்கா, இல்லையா சார்?" என்று. பில்லில் 'கேமிங் பி.சி.' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். நான் கேட்டது கோர் அல்ல, விளையாடுகிற கணினி. "எதுக்கு வாங்குறீங்க?" என்று அந்தக் கடையில் ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். இதைக் கேட்க ஒரு நொடி ஆகுமா? மருந்துக் கடையில்கூட "யாருக்கு, குழந்தைக்கா பெரியவங்களுக்கா?" என்று கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். தெரியாமல் விற்றார்கள் என்றும் நம்ப முடியவில்லை. கல்லா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடைப் பையன் விளையாடிக்கொண்டிருந்த கணினியில் ரைசன் ஒட்டுவில்லை இருந்தது. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். வேண்டுமானால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

கொடுக்கவில்லை. அடுத்த மாத ஓய்வூதியத்தில் கொஞ்சம், பேரனின் அப்பா கொஞ்சம் போட்டு அந்த ஆறு கோர் ப்ராசஸரை வேறு இடத்தில் வாங்கினோம். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதில் மாட்டினான். திக்கல் போய்விட்டது. ஜியான் பெட்டிக்கு மூலையில் கிடந்த ஒரு பழைய கார்டு போதுமானதாக இருந்தது. அது இப்போது என் அறையில் இருக்கிறது. அப்பா பிரெஞ்சில் தட்டச்சு செய்து வைத்துப்போன காகிதங்கள் இரண்டு பெட்டி நிறைய உண்டு. ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, எழுத்துகளை அடையாளம் காணும் மென்பொருளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லாததால் ஆளுக்கொரு பக்கத்தை எடுத்துக்கொள்கின்றன. இருபத்தெட்டு கட்டங்களும் உச்சியில் நிற்கின்றன. சத்தம்தான் தாங்கவில்லை. இரவில் அணைக்கச் சொல்லி என் மனைவி நேற்றும் சண்டை போட்டாள்.