கடைசிப் பக்கம் எங்கே?

நான் வசிக்கும் ஓய்வுக்காலக் குடியிருப்பில் மாதம் ஒரு பத்திரிகை வெளிவருகிறது. எட்டே எட்டுப் பக்கம். ஆசிரியர், ஓய்வு பெற்ற ஒரு பாங்கி அதிகாரி. உதவி ஆசிரியை, முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள். எழுதுகிறவர்களும் நாங்களே; படிக்கிறவர்களும் நாங்களே; மறுநாள் காலை நடக்கும்போது, "என்னய்யா எழுதியிருக்கிறார்!" என்று திட்டுகிறவர்களும் நாங்களேதான்.

முதலில் செய்திகள்: யாருக்குக் கண்புரை எடுத்தார்கள், யாருடைய பேத்திக்கு டொரான்டோவில் வேலை கிடைத்தது, லிப்ட் எத்தனை நாள் ஓடவில்லை. நடுவில் ஹாஸ்யம். அதன் பிறகு 'சிந்தனை' என்ற தலைப்பில் யாராவது எதையாவது எழுதுவார்கள். கடைசிப் பக்கத்தில், அந்த மாதம் மறைந்தவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு வரி. பெயர், ஊர், பார்த்த உத்தியோகம், ஒரு நல்ல குணம். ஆசிரியருக்குத் தைரியம் இருந்தால் ஒரு கெட்ட குணமும் இருக்கும்.

இரண்டு மாதமாக அந்தக் கடைசிப் பக்கத்தைக் காணோம்! 'இனி மகிழ்ச்சி தரும் விஷயங்கள் மட்டுமே பிரசுரமாகும்' என்று நிர்வாகத்தார் சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்கள். அச்சுக்கூலி கொடுப்பது அவர்களாம். ஆகையால் உத்தரவும் அவர்களுடையதாம். அந்தக் கூலி நாங்கள் மாதா மாதம் கட்டும் பராமரிப்புப் பணத்திலிருந்துதான் போகிறது என்பதை மட்டும் சுற்றறிக்கையில் எழுத மறந்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று. மரணச் செய்தி முதியவர்களின் மனத்தைக் கலக்கிவிடும் என்பது முதலாவது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், "அதைப் படித்துவிட்டு அப்பா டெலிபோனில் அழுகிறார்" என்று புகார் செய்கிறார்கள் என்பது இரண்டாவது. மூன்றாவதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதுதான் உண்மையான காரணம். வீடு வாங்கலாமா என்று பார்க்க வருகிறவர்கள், ஆபீஸ் மேஜைமேல் கிடக்கும் பத்திரிகையைப் புரட்டுகிறார்கள்.

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். தாய் தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர்கள். உடன் பிறந்தவர்களை அனுப்பிவைத்தவர்கள். சிலர் பெற்ற பிள்ளையையே பறிகொடுத்தவர்கள். 2020-ஆம் ஆண்டில் சாவுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று சர்க்கார் விதி போட்டபோது, கூடப் பிறந்தவளின் கடைசி யாத்திரையைக் கையகலக் கண்ணாடியில் பார்த்து முடித்தவர்களும் எங்களில் உண்டு. இவர்களுடைய மனத்தை நாலு வரிச் செய்தியிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டிருக்கும் நிர்வாகஸ்தருக்கு வயது முப்பத்திரண்டு! யார் யாரைக் காப்பாற்றுவது, ஸ்வாமி?

மறைத்தால் கலக்கம் இல்லை என்கிறார்களே, மறைத்ததன் பலனை நான் பார்த்தேன். எங்கள் குடியிருப்பில் இரண்டு பேர் தினமும் மாலை நாலு மணிக்குக் கேரம் ஆடுவார்கள். ஒரு நாள் இரவு ஆம்புலன்ஸ் பின் கேட் வழியாக வந்து, அவர்களில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பவில்லை. மற்றவருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மறுநாளும் நாலு மணிக்கு வந்து காய்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆபீஸில் கேட்டதற்கு, "மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்" என்று பதில். பத்து நாள் கழித்து, கூட்டிப் பெருக்கும் அம்மாள்தான், "அந்த ஐயா போய்ப் பத்து நாளாச்சுங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். அந்த மனிதர் பிறகு என்னிடம் சொன்னார்: "பத்து நாளும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன், சார். ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று."

இறந்துபோன சிநேகிதனைப் பத்து நாள் வைய வைத்தார்களே, இதற்குப் பெயர்தான் மனக் கலக்கத்தைத் தவிர்ப்பதா?

நம் ஜனங்களுக்குச் சாவை ஒளிக்கும் வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. தெருவில் ஒருவர் போய்விட்டால் பறை கொட்டும், சங்கு ஊதும். பிணம் எடுக்கும் வரை பக்கத்து வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். இன்றைக்கும் எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி இருக்கிறது. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாருடைய தகப்பன், இன்னாருடைய மாமன் என்று உறவு முறைகளை வரிசையாகச் சொல்லுவார்கள். இறந்தவருக்காக மட்டுமா இவ்வளவும்? இருக்கிறவர்கள் ஒன்று கூடுவதற்காகவும்தான். செய்தி தெரியாத இடத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லுவது எப்படி?

இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். கடல் கடந்து இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன்: அப்பா அழுகிறார் என்றால், அழுதுவிட்டுப் போகட்டுமே! நேற்று வரை எதிர் இலையில் சாப்பிட்ட மனிதருக்காக அழாமல் வேறு யாருக்காக அழுவது? அவர் டெலிபோனில் அழுதால், பதில் சொல்லத் தெரியவில்லையே என்பது உங்கள் சங்கடம். அதற்காக அவருடைய பத்திரிகையைக் கத்தரிக்கச் சொல்லாதீர்கள். 2007-இல் வந்த சட்டம், பெற்றோரைப் பராமரிக்கவேண்டிய கடமையைப் பிள்ளைகளின் தலையில் வைத்தது. 2019-இல் மத்திய அரசு ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. சக்கர நாற்காலி போக வழி, குளியலறையில் கைப்பிடி எல்லாவற்றுக்கும் விதி எழுதிவிடலாம். ஆனால் ஒருவர் போய்விட்டார் என்பதை அடுத்த வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்ற மரியாதைக்கு எந்த ராஜாங்கம் விதி எழுதும்?

மூன்றாவது காரணம் வியாபாரம். அமெரிக்காவில் அரிஸோனா பாலைவனத்தில் 1960 ஜனவரி முதல் தேதி, டெல் வெப் என்ற கட்டடக் கான்டிராக்டர் 'சன் சிட்டி' என்ற முதியோர் நகரத்தைத் திறந்தார். கோல்ப் மைதானமும் நீச்சல் குளமும் கடைத்தெருவும் காட்டி, ஓய்வு என்பது ஓயாத விளையாட்டு என்று விற்றார். ஜனங்கள் திரண்டு வந்து வாங்கினார்கள். அந்தச் சரக்குத்தான் இன்று கோயம்புத்தூரைச் சுற்றி விலைபோகிறது. விளம்பரத் தாளில் வெள்ளைத் தலை தம்பதிகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள்; ஒருவர் கையிலும் தடி கிடையாது. இந்த நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 2011 ஜனத்தொகைக் கணக்கிலேயே பத்துக் கோடிக்கு மேல். இத்தனை பேரிடம் மூப்பை மறைத்து முதுமையை விற்கப் பார்ப்பது பெரிய சாமர்த்தியந்தான்!

வீடு பார்க்க வருகிறவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாரே என்று பயப்படுகிறார்கள். போகிறவர் போகட்டும். விவேகமுள்ளவர், 'இங்கே நான் செத்தால் நாலு பேருக்குத் தெரியும். நாலு வரி எழுதுவார்கள்' என்று உடனே முன்பணம் கட்டுவார். இதைவிட நல்ல விளம்பரம் எது?

இன்னொரு விபரீதத்தையும் சொல்லவேண்டும். ஒரு பக்கத்தைக் கிழித்ததும் மற்ற ஏழு பக்கங்களுக்கும் உயிர் போய்விட்டது. முன்பெல்லாம் எங்கள் ஹாஸ்யம் எப்படி இருந்தது தெரியுமா? "என் பல் செட்டைக் காணோம். எடுத்தவர் திருப்பித் தராவிட்டாலும் பாதகமில்லை, சிரித்தால் கண்டுபிடித்துவிடுவேன்" என்று ஒரு பாட்டி அறிவிப்புக் கொடுத்தாள். "டாக்டர்: உங்களுக்கு என்ன தொந்தரவு? தாத்தா: எண்பத்திரண்டு" என்று ஒரு துணுக்கு வந்தது. "சாப்பாட்டுக் கூடத்துச் சாம்பாரில் முருங்கைக்காய் கண்டுபிடிக்கும் போட்டி: இந்த மாதமும் வெற்றி பெற்றவர் இல்லை" என்று மாதந்தோறும் ஒரு செய்தி வரும். இப்போது பல் செட்டு, முதுமையை நினைவூட்டுகிறதாம், சாம்பார், புகாராம். ஆகவே, செல்போனில் ஏழு தரம் வந்துபோன பூரிக்கட்டை ஹாஸ்யத்தைப் போடுகிறார்கள். சிந்தனைப் பகுதியில், 'எப்போதும் புன்னகை செய்யுங்கள்' என்கிறார்கள். எதைப் பார்த்துப் புன்னகை செய்வதாம்?

எண்பது வயதில் வரும் சிரிப்பு, சாவைத் தெரிந்துகொண்டு சிரிக்கும் சிரிப்பு. அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றால் சிரிப்பும் போலியாகிவிடும்; சிந்தனையும் போலியாகிவிடும். செய்தியில் பேரன் வந்ததைப் போடலாம், தாத்தா போனதைப் போடக்கூடாது என்றால் அது பத்திரிகையா, பண்டிகை வாழ்த்தா?

நிர்வாகத்தார் தங்கள் உத்தரவை வாபஸ் வாங்கவேண்டும். மாட்டோம் என்றால் அச்சுக்கூலியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். இளமையில் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய கைகள் எங்களிடம் இன்னும் பல இருக்கின்றன. கொஞ்சம் நடுங்கும், அவ்வளவுதான். ஒரே ஒரு பிரதி எழுதிச் சாப்பாட்டுக் கூடத்து வாசலில் தொங்கவிட்டால் போதும். மூன்று வேளையும் எல்லோரும் அந்த வழியாகத்தான் வந்தாகவேண்டும்.

அதில் என் பெயரும் ஒரு மாதம் வரும். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். முருங்கைக்காயைக் காணாமலே போய்ச் சேர்ந்தார் என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால், மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக மட்டும் ஒருவரிடமும் சொல்லக்கூடாது.