பரண்மேல் ஏறிய லேப்டாப்புகள்

ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஒன்றைப் பார்க்கிறோம். நம் தெருவில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில், பழைய புத்தக மூட்டைக்கும் கொசுவலைக்கும் நடுவே, அரசு கொடுத்த லேப்டாப் கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் அது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. நம்மில் பலருக்கு வீட்டுக்குள் வந்த முதல் கணினியே அதுதான். என்னாச்சு என்று கேட்டால், "ஆன் ஆகல", "பேட்டரி போச்சு", "ஃபார்மட் பண்ணித் தரேன்னு ஒருத்தர் வாங்கிட்டுப் போனார், அதுக்கப்புறம் இப்படித்தான் கெடக்கு" என்கிறார்கள்.

அவற்றில் பாதியாவது சாகவில்லை என்பது எங்கள் அனுபவம். கெட்டது என்று நாமே முடிவு கட்டிப் பரணில் ஏற்றிவிட்டோம். சைக்கிளை, மோட்டார் பம்பை, மிக்ஸியைப் பிரித்துப் போட்டு மாட்டுகிற அப்பாக்களின் பிள்ளைகள்தான் நாம். லேப்டாப் என்றதும் மட்டும் தொடப் பயப்படுகிறோம். திறந்தால் கெட்டுவிடுமாம். அதன் அடிமூடியிலும் ஸ்குரூதான் இருக்கிறது தோழர்களே!

சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறோம். எங்களோடு இயங்கும் ஆய்வு மாணவி ஒருவரின் லேப்டாப்பில் டீ கொட்டிவிட்டது. ஆய்வேடு கொடுக்க ஒன்பது நாள்தான் இருந்தது. பதறிப்போய்த் துடைத்துவிட்டு, வேலை செய்கிறதா என்று பார்க்க உடனே பவர் பட்டனை அழுத்தினார். அங்கேதான் தவறு. ஈரத்தைவிட, ஈரத்தின் மேல் ஓடும் மின்சாரம்தான் போர்டைக் கொல்கிறது. கொட்டிய நொடியே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, பேட்டரி கழற்ற முடிந்தால் கழற்றி, திறந்த நிலையிலேயே கவிழ்த்துவைக்க வேண்டும். இரண்டு நாள் மின்விசிறிக் காற்று போதும். அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள். அரிசி உள்ளிருக்கும் ஈரத்தை இழுக்காது, தவிடும் தூசியும் உள்ளே போவதுதான் மிச்சம். டீ, ஜூஸ் போல இனிப்பானது என்றால் காய்ந்த பிறகும் பசை உள்ளே அரிக்கும். ஆகவே அதைப் பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும்.

கடையில் "போர்டு போச்சு" என்றார்கள். உண்மையாகவே போயிருந்தது. அந்தப் பெண் ஆய்வேடே போனதாக நினைத்து அழுதுகொண்டு வந்தார். நண்பர் ஒருவர் அடிமூடியைக் கழற்றி ஹார்டு டிஸ்கை வெளியே எடுத்தார். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி கேபிளில் மாட்டி வேறொரு கணினியில் செருகினார். ஐந்து அத்தியாயங்களும் இருந்தன.

இயந்திரம் வேறு, அதிலிருப்பது வேறு. இயந்திரத்துக்கு விலை உண்டு. சாட்சிகளின் வாக்குமூலம், களஆய்வில் எடுத்த படங்கள், எஃப்ஐஆர் நகல், சாதிச் சான்றிதழின் ஸ்கேன், மூன்றாண்டு ஆய்வு ஆகியவற்றுக்கு எந்தக் கடையில் விலை கேட்பது? டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தமிட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து சோதிக்க வேண்டாம். விண்டோஸ் ஏறவில்லை என்றால் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கும் முன், லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பிப் பாருங்கள். பெரும்பாலும் கோப்புகள் கண்ணில் படும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதற்கான மீட்புச் சாவியை இன்றே தாளில் எழுதிவையுங்கள். அது இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றியும் பயனில்லை.

மற்றவை அவ்வளவு பெரிய விஷயமில்லை. ஆன் ஆகவில்லையா, முதலில் வேறொரு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரேமை எடுத்து அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டியதிலேயே எழுந்த லேப்டாப்புகள் எங்களிடம் உண்டு. திரை கருப்பாக இருந்தால் டிவியில் எச்டிஎம்ஐ வழியாக இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் போர்டு நலம். ஆமை வேகம் என்றால் பழைய ஹார்டு டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுங்கள். பத்தாண்டு லேப்டாப்பும் எழுதப் படிக்கத் தாராளமாக ஓடும். டச்பேட் மேலெழும்பி, அடிமூடி பிதுங்கினால் மட்டும் விளையாட்டு வேண்டாம். உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது. குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கடைக்காரர்களைத் திட்டுவது எங்கள் நோக்கமல்ல. சால்டரிங் கம்பியோடு ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குகளும் நம் வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் என்ன பழுது, என்ன செலவு என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். அநியாயம் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. இன்னொன்று, குறிப்பாகப் பெண் தோழர்களுக்கு: திரையோ கீபோர்டோ பழுது என்றால் டிஸ்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பெயரும் முகவரியும் உள்ள கணினியைப் பாஸ்வேர்டோடு யாரிடமோ ஒப்படைப்பது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் துரோகம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. லட்சக்கணக்கில் கொடுத்தார்கள், சரி. பழுதானால் கிராமத்துப் பிள்ளை எங்கே போவாள்? ஊருக்கு ஊர் ஐடிஐ இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கேயே ஒரு பழுதுநீக்கும் கூடம் வைத்தால் படிப்பவர்களுக்கும் பயிற்சி, கொண்டுவருகிறவர்களுக்கும் லாபம். புதிதாக வாங்கும் செலவில் சிறு பங்குதான் ஆகும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு நின்றது. அதைக் காட்டி, இன்னும் உழைக்கக்கூடிய எத்தனையோ கணினிகளைக் குப்பை என்கிறார்கள். லினக்ஸ் மின்ட் போட்டால் அவையே ஓடும், காசும் வேண்டாம். 'கிராக்' விண்டோஸ் போட்டு வைரஸையும் சேர்த்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

வரும் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்குப் பரண்மேல் இருப்பதை இறக்கிக்கொண்டு வாருங்கள். எங்களிடம் ஸ்குரூ டிரைவர் செட் ஒன்று, டிஸ்க் கேபிள் இரண்டு, லினக்ஸ் பென் டிரைவ் மூன்று இருக்கின்றன. சார்ஜரை மறந்துவிடாதீர்கள், போன தடவை ஏழு பேர் வந்தார்கள், நான்கு பேர் சார்ஜர் இல்லாமல்.